நோட்டில் இல்லாத திருத்தம்

மார்ச் 4

தம்பிக்கு,

உன் அறிவிப்பு வந்து சேர்ந்தது. "மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு" என்று ஆரம்பித்திருக்கிறாய். ஒன்பது வருடம் முகம் பார்க்காத அக்காவுக்கு அந்த மரியாதை போதும்.

பதிலைத் தபாலில் அனுப்புகிறேன். என் பிளாக் மட்டுமல்ல, என் ஈமெயிலும் உன் சர்வர் வழியாகத்தான் போகிறது. உன் மேல் எனக்குச் சந்தேகம் என்று உன் வழியாகவே சொல்லி அனுப்ப நான் என்ன பைத்தியமா?

ஏப்ரல் 10 அன்று சர்வரில் இருக்கும் சாஃப்ட்வேர் முழுவதையும் மாற்றப் போகிறாய். பழையது அதற்குமேல் ஓடாது. அதற்குள் நான் என் பிளாக்கைத் தயார் செய்ய வேண்டும், முக்கியமாகப் பேக்கப் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறாய். அந்த வரியில்தான் என் கண் நின்றது. வீட்டைக் கொளுத்த வருகிறவன்தான் முதலில் "சாமானெல்லாம் வெளிய எடுத்து வெச்சுக்குங்க" என்பான்.

நேராகவே கேட்கிறேன். 212-ஆம் பதிவைத் தொலைக்கத்தானே இந்த ஏற்பாடு?

அறுநூற்று நாற்பது பதிவு எழுதியிருக்கிறேன். முப்பத்தோரு வருடம் கட்டிங் மேசையில் நின்றவள், துணி வெட்டுவதைத் தவிர வேறு எதையும் அதில் எழுதவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்து நானே கட்டிய பிளாக். 212 என்பது ஒரு தோள் இறங்கியவருக்குச் சட்டை வெட்டும் முறை. உன் மகள் கல்யாணத்துக்கு அவளுக்கு நான் வெட்டிய மேலுடை அதில் உதாரணம். பெயர் இல்லை, முகம் இல்லை, முதுகுப் பக்கம் ஒரே ஒரு படம். "மாப்பிள்ளை வீட்ல பாத்துட்டாங்க, அதை எடு" என்று வந்து நின்றாய். எடுக்கமாட்டேன் என்றேன். இப்போதும் அதே பதில்தான். தோள் இறங்கியிருப்பது மூடி மறைக்க ஒன்றும் திருட்டுப் பொருள் அல்ல.

வேறு இடத்துக்குப் போய்விட வேண்டியதுதானே என்று நீ நினைக்கலாம். உன் அறையில் முதல் சர்வர் மெஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வைத்தது நீயும் நானும். நான் ஏன் போகிறேன்?

இப்படிக்கு,
மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்


மார்ச் 11

அக்காவுக்கு,

அறிவிப்பு நூற்று நாற்பது பேருக்கு ஒரே மாதிரி போனது. மெஷின் தானாக அனுப்புவது. அதற்கு அக்கா தம்பி தெரியாது.

212-ஐ அழிக்க வேண்டுமென்றால் எனக்கு ஒன்பது வருடம் எதற்கு? சாவி என் இடுப்பில் இருக்கிறது. சைக்கிள் கடை மாடியில் இருக்கும் சர்வர் அறைக்கு ஏறி வந்து உட்கார்ந்தால் ஒரு நிமிட வேலை. நான் செய்யவில்லை. அதையாவது கணக்கில் எடுத்துக்கொள்.

விஷயம் இவ்வளவுதான். உன் பிளாக் எந்தக் கணினி மொழியில் ஓடுகிறதோ, அதன் பழைய பதிப்பில் ஓட்டை விழுந்தால் இனிமேல் யாரும் அடைத்துத் தரமாட்டார்கள். உன் வீட்டில் புகுந்தவன் சுவரேறி மற்ற வீடுகளிலும் புகுவான். மாற்றாமல் இருக்க முடியாது.

பேக்கப்பை என்னிடம் தர வேண்டாம். நீயே ஒரு டிஸ்க்கில் எடுத்து உன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள். கொளுத்துகிறவன் அப்படிச் சொல்வானா?

புது சாஃப்ட்வேரில் உன் பிளாக்கின் நகல் ஒன்றை ஓட வைத்திருக்கிறேன். முகவரி பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஒத்துப் பார். முழுதாகத் தைப்பதற்கு முன்னால் நூலோட்டி உடம்பில் போட்டுப் பார்ப்பாயே, அது மாதிரி.

இன்னொன்று. பிளாக்கை ஓட்டும் மூல ஃபைல்களில் கை வைக்காதே, கை வைக்காதே என்று அன்றே தலைபாடாக அடித்துக்கொண்டேன். நீ கேட்கவில்லை. கிழிந்த இடத்தில் நேராக ஒட்டுப் போட்டாய். மாற்றும்போது மூல ஃபைல் எல்லாமே புதிதாக வந்துவிடும், உன் ஒட்டுகள் போய்விடும். எங்கெங்கே கை வைத்தாய் என்று பட்டியல் எடுத்துக்கொள். ஒப்பிட்டுக் காட்டும் சாஃப்ட்வேர் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன்.

கடைசியாக, எழுதக் கூடாது என்று நினைத்து எழுதுகிறேன். சண்டை நடந்த அடுத்த மாதம் உன் பிளாக்கிலேயே உனக்குப் பின்னூட்டம் எழுதினேன். ஃபோனை எடுக்கவில்லை, கதவைத் திறக்கவில்லை, இதையாவது படிப்பாய் என்று. ஒரு தடவை இல்லை, நாலு தடவை. ஒரு வார்த்தை பதில் இல்லை. அதோடு விட்டேன். ரோஷம் உனக்கு மட்டும் எழுதிக் கொடுத்த சொத்து இல்லை.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

நகலைப் பார்த்தேன். ஒன்றாம் பதிவிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன், மூன்று நாள் ஆயிற்று. அறுநூற்று முப்பத்தொன்பது பதிவு சரியாக வந்தது. ஒன்று மட்டும் வெள்ளைப் பக்கம். தலைப்பு இல்லை, எழுத்து இல்லை, படம் இல்லை, வெளுத்த வேட்டி மாதிரி.

எந்த எண் என்று நான் சொல்ல வேண்டுமா?

அறுநூற்று நாற்பதில் அது ஒன்றுதான் விழுந்ததாம், அதுவும் தானாகவே விழுந்ததாம். இதை நம்புகிறவள் இந்த ஊரில் வேறு எவளாவது இருந்தால் அவளிடம் சொல்.

நாலு தடவை எழுதினாயாம். வருகிற பின்னூட்டம் ஒன்றைக்கூட விடாமல் படிக்கிறவள் நான். "கழுத்து சுருங்குது, என்ன செய்ய" என்று முகம் தெரியாதவர்கள் கேட்பதற்கெல்லாம் அளவு கேட்டுப் பதில் எழுதுகிறேன். நீ எழுதியிருந்தால் என் கண்ணில் படாமல் போயிருக்குமா? பொய்யையும் அளவெடுத்துச் சொல்ல வேண்டும். ஒன்று என்றிருந்தால்கூட நம்பியிருப்பேன். நாலாம்.

உன் ஒப்பிடும் சாஃப்ட்வேர் எனக்கு வேண்டாம். அது எதைக் காட்டும், எதை மறைக்கும் என்று யாருக்குத் தெரியும்? என் திருத்தங்கள் என் நோட்டில் இருக்கின்றன. பத்தொன்பது. தேதியோடு.

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

212-இல் மட்டும் ஒரு கணக்குப் பெட்டி வைத்திருக்கிறாய். இரண்டு தோளின் உயரத்தைப் போட்டால் எவ்வளவு இறக்கி வெட்ட வேண்டும் என்று சொல்லுமே, அது. நீயே எழுதியது. வேறு எந்தப் பதிவிலும் அது இல்லை. அதில் நீ பயன்படுத்திய கட்டளை ஒன்று புதுப் பதிப்பில் கிடையாது. அந்த இடத்தில் பக்கம் முழுதும் நின்றுவிடுகிறது. கட்டளையை எடுத்தது அந்த மொழியை உண்டாக்கியவர்கள், நான் இல்லை. அவர்களுக்கும் நம் சண்டைக்கும் சம்பந்தமில்லை.

பதினோராவது வரி. மாற்றிப் பார்.

மகள் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். சர்வர் வேலை என்று சொன்னதும், "அத்தை பிளாக் போயிடுமாப்பா?" என்றாள். போகாது என்றேன். "அந்தப் பக்கமும்?" என்றாள். எதுக்குக் கேக்கறே என்றேன். "சும்மாதான்" என்று உள்ளே போய்விட்டாள்.

தம்பி


மார்ச் 29

தம்பிக்கு,

பதினோராவது வரியை மாற்றினேன். பக்கம் வந்துவிட்டது. நீ சொன்னது அந்த ஒரு விஷயத்தில் சரி. மற்றதில் இல்லை.

"அந்தப் பக்கமும்" என்று கேட்டாளாம். போய்த் தொலையாதா என்ற ஆசையில்தானே கேட்டாள்? ஒன்பது வருடத்தில் ஒரு வார்த்தை எழுதாதவளுக்கு அந்தப் பக்கத்தின்மேல் வேறென்ன அக்கறை?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து படி.

சுத்தமான மூல ஃபைல்களையும் என் ஃபைல்களையும் எடுத்துக்கொண்டு பிரின்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர், "இவ்வளவு பக்கமா? கதை எழுதறீங்களாம்மா?" என்றார். "இல்லப்பா, என் தம்பி மேல கேஸ்" என்றேன். "அப்ப வக்கீலுக்கும் சேத்து ரெண்டு செட்டா போட்டுடறேன்" என்று சிரிக்காமல் சொன்னார். உலகத்தில் எல்லோருக்கும் தம்பி இருக்கிறான் போல.

ஜன்னல் கண்ணாடியில் சுத்தமான தாளை ஒட்டி, அதன்மேல் என் தாளை வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு பேப்பர் கட்டிங் ஒத்துப்போகிறதா என்று முப்பத்தோரு வருடம் அப்படித்தான் பார்த்தேன். எழுத்தின்மேல் எழுத்து உட்கார்ந்தால் இரண்டும் ஒரே தாளாகத் தெரியும். நோட்டில் உள்ள பத்தொன்பது இடத்திலும் விலகியது. சரி. பிறகு பின்னூட்டங்களை வாங்கி வைக்கும் ஃபைல். அதில் நான் கை வைத்ததாக நோட்டில் ஒரு எழுத்துக்கூட இல்லை. எண்பத்து மூன்றாம் வரிவரை ஒத்து வந்தது. எண்பத்து நான்கிலிருந்து எல்லாம் மூன்று வரி கீழே இறங்கியிருந்தது, ஒரு தோள் இறங்கிய உடம்பு மாதிரி.

யாரோ மூன்று வரி நுழைத்திருக்கிறார்கள். அந்த மூன்று வரி என்ன செய்கிறது தெரியுமா? உன் கம்பெனிப் பெயரில் முடியும் ஈமெயிலிலிருந்து எந்தப் பின்னூட்டம் வந்தாலும் எனக்குக் காட்டாமல், "நிறுத்திவைத்தவை" என்று ஒரு மூலைக்குத் தள்ளிவிடுகிறது. உன் ஆட்கள் உன்னைப் பற்றி என்னிடம் ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்று பயந்துதானே செய்தாய்? சாவி என் இடுப்பில் இருக்கிறது என்று நீயே எழுதினாய். அந்தக் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அந்த மூலையை இன்னும் திறக்கவில்லை. சாட்சியத்தைக் கலைக்கக் கூடாது.

என் வீட்டுக்குள் யார் வந்தது? எப்போது வந்தது? எழுத்தில் பதில் வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 1

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவை வேறொன்று வந்தது.

உன் ஃபைலை நான் திறக்கவில்லை, இனியும் திறக்கமாட்டேன். வெளியிலிருந்து தேதியை மட்டும் பார்த்தேன். கடைசியாகத் திருத்தியது ஒன்பது வருடத்துக்கு முன்னால், நவம்பர் 16, காலை ஏழே கால். நவம்பர் 15 அன்று நான் உன் வீட்டு வாசலில் நின்று கத்திவிட்டு வந்தேன். நீயும் கத்தினாய்.

காலை ஏழே காலுக்கு நான் எழுந்ததாக என் பெண்டாட்டியே நம்பமாட்டாள்.

திருத்தம் செய்த வரியின் கடைசியில் நீ ஒரு குறி போடுவாய். சாக்பீஸால் துணியில் போடுவது மாதிரி, இரண்டு பெருக்கல் குறி பக்கத்தில் பக்கத்தில். வேறு யாரும் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை. எண்பத்து நான்கின் கடைசியில் இருக்கிறதா பார். இல்லையென்றால் போலீசுக்குப் போ, நானும் கூட வருகிறேன்.

தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

குறி இருக்கிறது. பிரின்ட் தாளில் வரிக்கடைசி வெட்டுப்பட்டதால் அன்று தெரியவில்லை.

மறந்துவிட்டேன் என்றால் நீ நம்பமாட்டாய். நானே நம்பவில்லை. கோபத்தில் செய்ததை நோட்டில் ஏற்றவில்லை, அவ்வளவுதான் தெரிகிறது. ஏற்றாததால் செய்யவே இல்லை என்று ஆகிவிட்டது.

மூலையைத் திறக்கப் போகிறேன்.


ஏப்ரல் 4

தம்பிக்கு,

பதினொன்று இருந்தது.

நாலு உன்னுடையது. எண்ணிக்கை சரி. மூன்றாவதில் என்னைப் "பிடிவாதக் கழுதை" என்று எழுதியிருக்கிறாய். நாலாவதில், "சரி, நான்தான் கழுதை, கதவைத் திற" என்று இருக்கிறது. தேதி பார்த்தேன். அன்று நான் வீட்டில்தான் இருந்திருப்பேன்.

மீதி ஏழு உன் மகளுடையது. உன் கம்பெனிப் பெயரில் நீ கொடுத்த ஈமெயிலில் இருந்து எழுதியிருக்கிறாள். உன்னை அடைக்கப் போட்ட தாழ்ப்பாளில் அவளும் சேர்ந்து மாட்டிக்கொண்டாள். உனக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

முதலாவது, கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதம். "அத்தை, இந்தப் படத்தை எடுத்துடுங்க. உங்க மேல கோபம் இல்ல. எல்லாரும் என் மூஞ்சியப் பாக்காம முதுகைப் பாக்கறாங்க."

இரண்டாவது, அதற்கு ஒரு மாதம் கழித்து. "எடுக்கலன்னாலும் பரவால்ல. பதிலாவது போடுங்க."

நீ வந்து சொன்னது மாப்பிள்ளை வீட்டைப் பற்றி. அவள் சொன்னது தன்னைப் பற்றி. இரண்டும் ஒன்றல்ல. இதை அவள் வாயால் கேட்டிருந்தால் அன்றே எடுத்திருப்பேன். எடுத்திருப்பாயா என்று நீ கேட்பாய். கேள்.

மூன்றாவது, நாலு வருடத்துக்கு முன்னால். "அத்தை, என் மகளுக்கு நாலு வயசு ஆவுது. அவளுக்கும் இடது தோள் இறக்கம். ஸ்கூல் சட்டை ஒரு பக்கமா வழியுது. உங்க கணக்குப் பெட்டியில போட்டுப் பாத்தேன். சின்னப் புள்ளைக்கும் அந்தக் கணக்கு சரியா வருமா?"

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒன்று. அரை அங்குலம், மறுபடியும் அரை, அரைக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், அதிகம் என்று வித்தியாசத்தை மட்டும் எழுதிக்கொண்டே வந்திருக்கிறாள். கடைசியாக இந்த ஜனவரியில்: "பதில் வேணாம் அத்தை, அளவு மட்டும் போட்டுட்டுப் போறேன். எட்டு வயசு. முக்கால் அங்குலம். நீங்க எழுதினபடி நானே வெட்டிப் பாத்தேன். தோள் சரியா உக்காருது, ஆனா கை தூக்கினா கழுத்து இழுக்குது. எங்க தப்பு பண்ணினேன்னு தெரியல."

அவள் தப்பு பண்ணவில்லை. தோளை எவ்வளவு இறக்குகிறோமோ அந்தப் பக்கக் கைக்குழியையும் அவ்வளவு இறக்க வேண்டும். இறக்காவிட்டால் கழுத்து இழுக்கும். மேசையில் நிற்கிறவளுக்கு இது கை போகிற போக்கில் வந்துவிடும். வீட்டில் வெட்டுகிறவளுக்கு யாராவது எழுதினால்தான் தெரியும். 212-ஐ எடுத்துப் பார்த்தேன். நான் எழுதவில்லை. ஒன்பது வருடமாக ஒரு எழுத்துக்கூட மாற்றமாட்டேன் என்று நான் காவல் காத்த பதிவில் பாதி வேலைதான் இருக்கிறது.

இன்று காலை அதை எழுதிச் சேர்த்தேன். படத்தை எடுத்துவிட்டுக் கோட்டுப்படம் போட்டேன். சர்வரிலிருந்தே அழித்துவிட்டேன். நீ சொன்னதற்காக எடுக்கவில்லை, அதைத் தெளிவாகப் புரிந்துகொள்.

நீ பட்டியல் கேட்காமல் சும்மா மாற்றிவிட்டிருந்தால் அந்த மூன்று வரியும் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். உன் மகளுக்குத் திமிர் என்று நானும், அத்தைக்குக் கல் நெஞ்சு என்று அவளும் அப்படியே இருந்திருப்போம்.

புது ஃபைலில் பத்தொன்பது திருத்தத்தையும் திரும்பப் போட்டுவிட்டேன். இருபதாவதைப் போடவில்லை. பத்தாம் தேதி உன் வேலையைச் செய்.

அவளிடம் நீ சொல்ல வேண்டியது ஒன்றுதான். இந்த மாதத்து அளவு எனக்கு வேண்டும். இரண்டு தோள், முதுகு அகலம், இரண்டு கைக்குழி. உன்னிடம் கொடுத்து அனுப்ப வேண்டாம். பிளாக்கில் எழுதட்டும், அதே ஈமெயிலில் இருந்து. அந்த வழி திறந்திருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். எழுதமாட்டேன் என்றால் அதுவும் நியாயம்தான். வற்புறுத்தாதே.


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

கடிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள்.

"ஏண்டி, ஏழு தடவை எழுதினியே, என்கிட்ட ஒரு தடவை சொன்னியா?" என்றேன்.

"சொன்னா நீங்க இன்னொரு தடவை போய்க் கத்துவீங்க" என்றாள்.

"உனக்குச் சந்தேகமே வரலியா, ஏதோ கோளாறா இருக்கும்னு?" என்றேன்.

"அத்தை ஊர்ல எல்லாருக்கும் பதில் போடறாங்கப்பா. பாத்துட்டேதான் இருந்தேன். எனக்கு மட்டும் போடல. இதுல என்ன சந்தேகம் வரும்?"

அளவு அனுப்புவாளா என்று கேட்டதற்கு "பாக்கறேன்" என்றாள். அவ்வளவுதான். வற்புறுத்தவில்லை. மாலையில் அவள் அம்மா தையல் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள், அளவு நாடாவைக் காணோமாம்.

பத்தாம் தேதி காலை பத்து மணிக்கு நிறுத்தி, பன்னிரண்டுக்குள் திரும்ப ஓட வைத்துவிடுவேன்.

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

பன்னிரண்டு என்று சொல்லி ஒன்றே காலுக்குத்தான் வந்தது. அந்த ஒன்றே கால் மணி நேரம் எதற்கு என்று நீ விளக்க வேண்டும்.

அறுநூற்று நாற்பதையும் திறந்து பார்த்துவிட்டேன். எல்லாம் இருக்கிறது. கணக்குப் பெட்டி ஓடுகிறது.

பத்தாம் தேதி முழுதும் பின்னூட்டப் பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தேன். வெளியூரிலிருந்து ஒருவர் பாக்கெட் ஓரத்தைப் பற்றிக் கேட்டிருந்தார். வேறொன்றும் இல்லை. புது ஃபைலிலும் எங்கோ தாழ்ப்பாள் இருக்குமோ என்று திரும்ப ஜன்னலில் தாளை ஒட்டிப் பார்த்தேன். இல்லை. அப்படியென்றால் எழுதவில்லை என்றுதானே பொருள். அது நியாயம்தான் என்று உனக்கு நானே எழுதியிருந்தேன். எழுதுவது சுலபமாக இருந்தது.

நேற்றுக் காலை பதினோரு மணிக்கு வந்தது. 212-இன் கீழே, அதே ஈமெயிலில் இருந்து. ஐந்து அளவும் வரிசையாக, கால் அங்குலம்கூடத் தவறாமல் எடுத்திருக்கிறாள். அதன் கீழே இப்படி எழுதியிருக்கிறாள்:

"படம் எங்க அத்தை? எடுத்துட்டீங்களா? என் மககிட்ட காட்டலாம்னு கூட்டிட்டு வந்தேன். அம்மாவுக்கும் இதே மாதிரிதான்னு சொன்னா நம்ப மாட்டேங்கறா. கோட்டுப்படத்தைப் பாத்துட்டு இது யாரோன்னு சொல்றா. திருப்பிப் போடுங்க. இப்ப நான் சொல்றேன்."

சர்வரில் இல்லை, நான்தான் அழித்துவிட்டேனே. அலமாரியைத் திறந்து டிஸ்க்கை எடுத்தேன். மார்ச் மாதம் உன்னைத் திட்டிக்கொண்டே எடுத்த பேக்கப். அதில் இருந்தது. திரும்பப் போட்டுவிட்டு, அவளுக்கு ஒரு வரி பதில் எழுதினேன். என்ன எழுதினேன் என்பது உனக்குத் தேவையில்லை. பிளாக்கில் இருக்கிறது, ஊரே படிக்கலாம், நீயும் படிக்கலாம்.

சட்டை வெட்டியாயிற்று. தைக்கவில்லை, நூலோட்டி மட்டும் வைத்திருக்கிறேன். உடம்பில் போட்டுப் பார்க்காமல் நான் தைக்கமாட்டேன், அது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை இருவரையும் அனுப்பு. நீயும் வருவதானால் வா. கதவு திறந்திருக்கும். வாசலில் நின்று கத்தாதே, உள்ளே வந்து கத்து.

இதையும் தபாலில்தான் அனுப்புகிறேன். சந்தேகத்தால் அல்ல, தபால்தலை மிச்சம் இருக்கிறது.

அவள் பின்னூட்டம் வந்த நேரத்தை என் சுவர்க் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தேன். உன் புது சர்வர் நாலு நிமிடம் முந்துகிறது. ஏன் என்று வரும்போது சொல்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர் எண் ஒன்று